இரண்டு எண்கள் போதும்

கொம்பையா செத்துப்போனபோது அவன் மணிக்கட்டுப் பட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கப்பலின் இரண்டாம் ஹோல்டிலிருந்து, அதாவது சரக்கு கொட்டும் அந்த இரும்புக் குழியிலிருந்து, நாலு பேர் அவனை ஸ்ட்ரெச்சரில் கட்டி மேலே ஏற்றித் தளத்தில் கிடத்தினார்கள். டாக்டர் வந்தார். இமையை விலக்கினார். கழுத்தைத் தொட்டார். உதட்டைப் பிதுக்கினார். பட்டி சில நிமிடங்களுக்கு ஒருமுறைதான் உடம்பைப் படிக்கும். அடுத்த முறை படிக்கிற வரைக்கும் அது பச்சையாகவே இருந்தது. இந்த ஆள் தாராளமாக வேலை செய்யலாம் என்று அர்த்தம்.

அது நேற்று.

இன்று காலை அதே கப்பலில், அதே ஹோல்டில், ஏழு பேர் இறங்கிவிட்டார்கள். ஏழாவது ஆள் கொம்பையாவின் தம்பி உலகநாதன். நீலமுனைத் துறைமுகத்தில் அதுதான் வழக்கம். குழுவில் ஒருவன் போய்விட்டால் அவன் இடம் மறுநாளே அவன் வீட்டுக்கு. வீட்டிலிருந்து யாரும் வரவில்லையென்றால் இடம் வெளியாளுக்கு. அப்புறம் திரும்பாது. உப்பு லாரி ஓட்டிக்கொண்டிருந்த உலகு, அண்ணனுக்குக் கொள்ளி வைத்த மொட்டைத் தலை காய்வதற்குள் கிளம்பி வந்திருந்தான்.

இறங்குமுன் அவன் நேராக வந்து நின்றது பொறியாளர் ஜெசிந்தா மோத்தாவின் ஜன்னலில்.

"அக்கா, ஒரு வார்த்தை."

ஜன்னலைத் திறந்தாள். வெக்கை முந்திக்கொண்டு உள்ளே வந்தது.

"பச்சை, சிவப்புன்னு பட்டிக்குச் சொல்லுற இந்த டேபிளைப் போட்டது நீங்கதான?"

"ஆமா. நான்தான்."

"அண்ணன் பச்சையிலயே போயிட்டான். நெஞ்சுக் கோளாறுங்கிறாவ. எனக்கு அதெல்லாம் பிடிபடாது. டேபிள் சரிதானா? சரின்னு உங்க வாயால சொல்லுங்க, இறங்குதேன்."

கொம்பையாவின் பட்டி பதிந்த எல்லாவற்றையும் வரி வரியாக அவள் ஏற்கெனவே அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தாள். ஓரிடத்தில்கூட மாறுபடவில்லை.

"சரிதான்" என்றாள்.

"அப்பச் சரி" என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மே மாதம் என்பது நாலு மாதமாக நீண்டுவிட்ட காலம் அது. கடற்கரையில் காற்று, ஈரத்துணியை முகத்தில் போர்த்தியது போல. ஹோல்டுக்குள் கிரேனின் இரும்புக் கை, கிராப், அள்ளியது போக ஒட்டியிருக்கும் உரத்தைச் சுரண்ட முதலில் இயந்திர மனிதர்களைத்தான் வாங்கினார்கள். அவற்றுக்கு நாற்பத்தைந்து டிகிரி வரைதான் வாரன்ட்டி. மனிதர்களுக்கு வாரன்ட்டி கிடையாது. எனவே மனிதர்கள்.

மனிதர்களை எவ்வளவு நேரம் அந்தக் குழிக்குள் விடலாம்? முன்பெல்லாம் மேஸ்திரி சொல்வார். மேஸ்திரிக்குப் பிடித்தவன் சீக்கிரம் ஏறுவான், பிடிக்காதவன் சாய்வான். அதை ஒழிக்கத்தான் ஜெசிந்தாவின் அட்டவணை வந்தது.

எந்தப் பொறியியல் மாணவருக்கும் ஸ்டீம் டேபிள் தெரியும். பரீட்சை ஹாலுக்குள் தைரியமாக எடுத்துப் போகக்கூடிய ஒல்லிப் புத்தகம். நீராவியின் அழுத்தம் என்ன, வெப்பம் என்ன என்று இரண்டு எண்கள் தெரிந்தால் போதும். அது எவ்வளவு இடத்தை அடைக்கும், எவ்வளவு சக்தியை வைத்திருக்கும் என்பதையெல்லாம் அந்த வரியில் விரல் வைத்துப் படித்துவிடலாம். ஜெசிந்தா செய்தது சுலபமான காரியம். நீராவி இருந்த இடத்தில் ஆளை வைத்தாள். உடல் வெப்பம் ஒன்று, நாடித் துடிப்பு ஒன்று. இரண்டையும் பட்டி படிக்கும். அட்டவணை பதில் சொல்லும். பச்சை, மஞ்சள், சிவப்பு.

சட்டமும் வந்தது. சிவப்பு ஆளை யாரும் கீழே தள்ளக்கூடாது. பச்சை ஆளை யாரும் மேலே இழுக்கக்கூடாது. இரண்டாவது விதியை எழுதிச் சேர்த்ததே ஜெசிந்தாதான். வேண்டாதவனை 'களைத்துவிட்டான்' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பும் மேஸ்திரிகளை அவளுக்குத் தெரியும்.

கதவைத் தட்டாமல் தர்மசீலன் உள்ளே வந்தான். முனையத்தின் மேலாளர். கல்லூரியில் அவளுடைய வகுப்பு. அந்த உரிமையில் அவள் மேஜையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

"ரிப்போர்ட் வந்துடுச்சு. இதயம்தான். டேபிள்ல தப்பில்லைன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஃபைலை மூடிடலாம்."

"முப்பது வயசு ஆளுக்கு இதயமா?"

"என் மாமனாருக்கு எழுபத்தெட்டு. கொத்து பரோட்டா இல்லாம தூங்க மாட்டார். இதயத்துக்கு வயசுக் கணக்கெல்லாம் கிடையாது ஜெசி."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். கொம்பையாவின் கடைசி மணி நேரங்கள். வெப்பம் ஒரு ரேகை, நாடி ஒரு ரேகை. இரண்டும் ஏறி, ஒரு மட்டத்துக்கு வந்து, அப்புறம் அசையவே இல்லை.

"இதுல என்ன குறை? ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி இருக்கு. ஆள் நிலையா இருந்திருக்கான்."

"அதுதான் எனக்கு இப்பப் பயமா இருக்கு. மனுஷ உடம்பு இப்படி நிக்காது. சும்மா உக்காந்து பிஸ்கட் தின்னாலே ஆடும். இவன் மண்வெட்டியோட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கான். ஏன் ஆடலை?"

தர்மசீலன் மெல்லுவதை நிறுத்தினான்.

ஜெசிந்தா இன்னொரு திரையை எழுப்பினாள். இப்போது கீழே இருக்கும் ஏழு பேர். சிலருடைய ரேகைகள் இன்னும் ஏறிக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் இருந்தன. சிலருடையது படுத்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் படுத்தது உலகுவினுடையது. ஏழு பேரின் பட்டியும் பச்சை.

படுத்துவிட்ட ரேகைகளை அவள் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டாள்.

"உங்க வீட்ல இட்லிக் கொப்பரையில காசு போடுவாங்களா?"

"என்ன கேள்வி இது, இந்த நேரத்துல?"

"போடுவாங்களா, மாட்டாங்களா?"

"அம்மா போடுவாங்க. செல்லாத ஒரு ரூபாய் ஒண்ணு. கொதிக்கிறப்ப கடகடன்னு கத்திட்டே இருக்கும்."

"எதுக்கு?"

"தண்ணி தீந்துட்டா சத்தம் நின்னுடும். கொப்பரை கருகாம இறக்கலாம்."

"காசு எதுக்கு? ஒரு தெர்மாமீட்டரைச் சொருகிட்டாப் போச்சே."

"போதாது ஜெசி. கொதிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் தெர்மாமீட்டர் ஒரே எண்ணைத்தான்..." சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். கையிலிருந்த மிச்ச பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

"அழுத்தம்?" என்றாள் அவள்.

"அதுவும் மாறாது. ரெண்டும் சேந்து நிக்கும்."

"மூணாம் வருஷப் பரீட்சை ஞாபகம் இருக்கா? பத்து பார் அழுத்தம், நூத்தியெண்பது டிகிரி. ரெண்டு எண் குடுத்திருக்காங்கன்னு மொத்த கிளாஸும் சந்தோஷமா டேபிளைப் புரட்டினோம். அந்த அழுத்தத்துல தண்ணி கொதிக்கிறதே அந்தச் சூட்டுலதான். அது ரெண்டு எண்ணே இல்லை. ஒரே எண், ரெண்டு வேஷம். நீ மட்டும் எழுந்து நின்னு, சார், இதுல எவ்வளவு தண்ணி, எவ்வளவு ஆவின்னு மூணாவதா ஒண்ணு சொல்லாம இந்தக் கணக்கைப் போட முடியாதுன்னே. எங்க எல்லாருக்கும் சைபர். உனக்குப் பத்து."

"அதுக்காக அந்த வாரம் முழுக்க என்னோட யாரும் டீ குடிக்க வரலை."

"அதே தப்பை நான் இப்ப மறுபடி பண்ணியிருக்கேன். தண்ணியில இல்லை, ஆள்ல."

அவள் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்.

"ஒரு கட்டத்துக்கு மேல உடம்பு சூட்டையெல்லாம் வியர்வையா மாத்தி வெளியே தள்ளுது. தள்ளுற வரைக்கும் சூடு ஏறாது, நாடியும் ஏறாது. பட்டி அதைப் பாத்துட்டு, ஆள் கல்லு மாதிரி இருக்கான்னு பச்சை போடுது. உள்ளே வத்திக்கிட்டே இருக்கு. இப்பத்தான் கொதிக்க ஆரம்பிச்சவனும் இன்னும் ரெண்டு சொட்டு மிச்சம் இருக்கிறவனும் என் டேபிளுக்கு ஒரே ஆள்."

"தண்ணி குடிக்கிறாங்களே?"

"இந்த ஈரத்துல குடிக்கிறதைவிட ஊத்துறது வேகம்."

"சோதனையில இது ஏன் தெரியலை?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல யாரையும் சூட்டுல வைக்கக் கூடாதுன்னு நெறிமுறைக் குழு சொல்லிடுச்சு. நியாயம்தானே. அதனால யாரும் கடைசிச் சொட்டு வரைக்கும் போகலை. போன முதல் ஆள் கொம்பையா."

"முதல் ஆளா" என்றான் தர்மசீலன், கேள்வியாக இல்லாமல்.

இருவருக்கும் ஒரே விஷயம்தான் மனதில் ஓடியது. போன கோடையில் இந்தக் கடற்கரை நெடுகப் பச்சை விளக்கோடு எத்தனை பேருக்கு நெஞ்சுக் கோளாறு வந்தது?

அவள் வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"சங்கரவேல் அண்ணாச்சி, கேக்குதா? ஏழு பேரையும் மேலே வரச் சொல்லுங்க."

ஹோல்டு சூப்பர்வைசரின் குரல் இரும்பில் மோதி வந்தது. "எதுக்கு மேடம்? எல்லாம் பச்சையால்லா இருக்கு."

"பச்சையா இருந்தாலும் பரவாயில்லை. வரச் சொல்லுங்க."

"பச்சை ஆளை நான் எப்படி மேடம் இழுக்க முடியும்? சட்டம் நீங்க எழுதினதுதான? அவங்களா ஏறினா இடத்தை விட்டுட்டுப் போறதாக் கணக்கு. எவன் ஏறுவான்?"

"உலகுகிட்ட குடுங்க."

கரகரப்பு. மூச்சு. "அக்கா, சொல்லுங்க."

"உலகு, மேலே ஏறி வா."

"காலையில சரின்னீங்க."

"இப்பச் சரியில்லைங்கிறேன். வா."

கீழே யாரோ சிரித்தார்கள். உலகுவும் சிரித்த மாதிரி இருந்தது. "அக்கா, மதினி மாசமா இருக்கா. அண்ணன் போன மறுநாளே இடத்தையும் விட்டுட்டு வந்துட்டேன்னு வீட்ல போயி என்னன்னு சொல்லுவேன்? விளக்கு மாறட்டும். மாறினா ஒரே ஓட்டமா வாரேன்."

"தண்ணி குடிச்சியா?"

"மொதல்ல குடிச்சேன். இப்பத் தாகமே இல்ல பாத்துக்கிடுங்க. வேர்வையும் நின்னுட்டு. குளுகுளுன்னு இருக்கு."

ஜெசிந்தா தர்மசீலனைப் பார்த்தாள். "கொப்பரையில காசு நின்னுடுச்சு" என்றான் அவன்.

"சிவப்பு போடு" என்றான். "டேபிளை மாத்து. அந்த வரியில சிவப்பு போடு."

"முடியாது. புதுசா எண் போடணும்னா சோதனை, குழு, ரெண்டு கையெழுத்து. மாசக்கணக்காகும்." அவள் விரல்கள் விசைப்பலகையில் கடவுச்சொல்லைத் தட்ட ஆரம்பித்திருந்தன. "ஆனா போட்ட எண்ணை எடுக்கலாம். போட்டவளுக்கு அந்த உரிமை உண்டு."

அச்சடித்த அட்டவணைகளில் சில கட்டங்களில் எண் இருக்காது. ஒரு சின்னக் கோடு மட்டும் கிடக்கும். இங்கே அளந்தவர் யாருமில்லை, பக்கத்து எண்களை வைத்து நீயாக ஊகிக்காதே என்று பொருள். ஜெசிந்தாவின் அட்டவணைச் சட்டத்திலும் அதற்கு ஒரு விதி இருந்தது. கோடு விழுந்த கட்டத்தில் பட்டி அணைந்துவிடும். பட்டி அணைந்த ஆள் உடனே வெளியேற வேண்டும். இடம் போகாது.

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தர்மசீலனுக்குப் புரிந்தது. பாய்ந்து வந்து அவள் கை மேல் கை வைத்தான்.

"ஜெசி, நில்லு. இது நம்ம ஹோல்டுக்கு மட்டும் இல்லை. கன்னியாகுமரியிலேர்ந்து கல்கத்தா வரைக்கும் ஒரே டேபிள். உப்பளம், செங்கல் சூளை, தார் ரோடு, எல்லாப் பட்டியும் ஒரே நேரத்துல அணையும். வேகுற வெயில்ல அந்த மட்டத்துக்கு மேல போகாம எவனும் வேலை பார்க்க முடியாது. அத்தனை வீட்லயும் அடுப்பு அணையும். ஒரு ஆளுக்காகப் பண்றே."

"எத்தனையோ ஆளுக்காக."

"என்கிட்ட பொய் சொல்லாதே."

"சரி. ஒரு ஆளுக்காகத்தான். சரிதான்னு சொல்லி இறக்கிவிட்டது நான்."

அவன் கையை எடுக்கவில்லை. அழுத்தமாகவே வைத்திருந்தான். இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள்.

உலகுவின் ரேகை அசைந்தது.

அவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தது, மெல்லத் தலையைத் தூக்கியது. கால் டிகிரி. இன்னொரு கால். கொப்பரை காய்ந்துவிட்டால் சூடு நடந்து ஏறாது, ஓடி ஏறும். பட்டி அடுத்த வரிக்குத் தாவியது. அந்த வரியும் அட்டவணையில் பச்சைதான்.

தர்மசீலன் கையை எடுத்தான்.

அவள் எண்களை அழித்தாள். கட்டம் கட்டமாக இல்லை, பட்டையாக, அந்த மட்டத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும். அழித்த இடத்திலெல்லாம் கோடு விழுந்தது. ஏழு விளக்குகளில் ஒன்று அணைந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் மொத்தமும்.

"மேடம், பட்டியெல்லாம் செத்துப்போச்சு" என்றது வாக்கி டாக்கி.

"ஏறச் சொல்லுங்க அண்ணாச்சி. இடம் போகாது. நான் பொறுப்பு."

அவள் தளத்துக்கு ஓடியபோது ஆறு பேர் மேலே வந்திருந்தார்கள். ஆறு பேரும் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகு ஏணியின் முதல் படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். ஏறவில்லை. பிடியையும் விடவில்லை. "ஏலே, ஏறு" என்று ஒருவன் கத்தினான். அவன் நிமிர்ந்து பார்த்தான். கத்துவது யாரென்று அடையாளம் தெரியாதவன் போலச் சிரித்தான். அப்படியே சரிந்தான்.

இறங்கிப் போய்த் தூக்கி வந்தவர்கள், அவன் தோல் உரச்சாக்கு மாதிரி காய்ந்து கிடந்ததாகச் சொன்னார்கள். ஐஸ் தண்ணீரில் படுக்கவைத்தார்கள். ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் டாக்டர் திணறினார். ஜெசிந்தா ஐஸ் கட்டிகளை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள். தர்மசீலன் ஒரு மூலையில் நின்று ஃபோனில் யார் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆமா சார். தெரியும் சார். எல்லா இடத்துலயும் நின்னுடுச்சு சார்."

உலகு பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் ஒன்று பழுதாகலாம் என்றார்கள், ஆகவில்லை.

கடற்கரை நின்றுபோனது. முதல் சில நாட்கள் பத்திரிகைகளில் ஜெசிந்தாவைப் பாராட்டி எழுதினார்கள். அடுத்த வாரம் உப்பளத்துப் பெண்கள் துறைமுக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். "பச்சை இருந்தா எப்பவாவது ஒருத்தன் சாவான். விளக்கே இல்லைன்னா தினம் எல்லாரும் சாவணுமா?" என்று ஒருத்தி கேட்டாள். மீன்காரி ஜெசிந்தா வீட்டு வாசலை மட்டும் கூவாமல் கடந்து போனாள்.

வழி ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது எண். அவளுக்கு அது என்னவென்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எடை. இறங்கும்போது ஒருமுறை, நடுவில் ஒருமுறை தராசில் ஏற்றிப் பார்த்தால் உள்ளே எவ்வளவு வற்றியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அட்டவணையில் ஒரு பத்தி கூடும், அவ்வளவுதான்.

இந்த முறை சோதனைக்கு நெறிமுறைக் குழு கடைசி வரை போக ஒத்துக்கொண்டது, பக்கத்திலேயே ஐஸ் தொட்டியும் டாக்டர்களும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தானாக முன்வந்தவர்களில் தர்மசீலனும் ஒருவன். தொப்பையோடு வந்து நின்றவனை டாக்டர் பார்த்த பார்வையில் எல்லாரும் சிரித்தார்கள்.

முடிவுகள் வந்த அன்று ஒரு கூட்டம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஆள், பெயர் அரவாழி, பளபளப்பான சட்டையும் பணிவான குரலும்.

"ரொம்ப நன்றி மேடம். உயிரைக் காப்பாத்தினது மட்டும் இல்லை, நீங்க எங்களுக்குப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க."

"என்ன உதவி?"

"இத்தனை நாளா ஒவ்வொருத்தனுக்குள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாது. அதனால பயந்து, எல்லாரையும் பொதுவா ஒரு ஷிஃப்டோட ஏத்திட்டு இருந்தோம். இனிமே ஆளுக்கு ஆள் அளந்து பாத்துக்கலாம். பாதிப் பேரை இன்னும் ஒரு மணி, ஒன்றரை மணி தாராளமா கீழே வைக்கலாம். சட்டப்படி, பாதுகாப்பா." அவர் புன்னகைத்தார். "உங்க சோதனையில எல்லை எவ்வளவு வந்திருக்கு?"

"இன்னும் தொகுக்கலை" என்றாள் ஜெசிந்தா.

தொகுத்தாகிவிட்டது. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு வற்றும் வரை உடம்பு தாக்குப்பிடிக்கிறது. ஐந்தைத் தாண்டினால் ரேகை தலையைத் தூக்கிவிடுகிறது. உண்மையான எண். சுத்தமாக அளந்த எண். அதை அட்டவணையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஒவ்வொருவனையும் தினமும் ஐந்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வரை இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார்கள். எந்த விதியும் மீறப்படாது. தராசு கொஞ்சம் தடுமாறினால்கூட ஒரு கொம்பையா.

அன்று மாலை உலகு வந்தான். தலையில் முடி குச்சி குச்சியாக முளைத்திருந்தது. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"மூணாவது பத்தி எப்பக்கா வரும்? எல்லாரும் கேக்காவ."

"வராமலே போகலாம், உலகு." விஷயத்தைச் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள்.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "நீங்க போடலைன்னா?"

"வேற யாராவது போடுவாங்க. ஒரு வருஷம் ஆகலாம்."

"அவுங்க அஞ்சுன்னு போடுவாங்க."

"ஆமா. அஞ்சுதானே வருது."

"நீங்களே போடுங்க. கொஞ்சம் கம்மியாப் போடுங்க."

"டேபிள்ல பொய் எழுதச் சொல்றியா?"

"நான் என்னத்தக் கண்டேன்." அவன் கழுத்தைச் சொறிந்தான். "அன்னைக்குக் காலையில சரின்னு சொன்னீங்களே, அது உண்மைன்னு நினைச்சுத்தான சொன்னீங்க. நான் உசுரோட வந்தது அதுனாலயா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் போனபிறகும் அவன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொழிலில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. அளக்காத எண்ணை எழுதுவது. ஸ்டீம் டேபிளில் ஒரு வரியைச் சந்தேகப்பட வேண்டி வந்தால் அப்புறம் எந்தக் கொதிகலனின் பக்கத்திலும் யாரும் நிம்மதியாக நிற்க முடியாது.

மூன்றாவது பத்தியில், எல்லை என்ற இடத்தில், ஜெசிந்தா மூன்று என்று எழுதினாள்.

இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று அவளுடையது. மற்றது தர்மசீலனுடையது. அவன் தாளை வாங்கி நின்றபடியே படித்தான். மூன்றாவது பத்திக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு நாலரைக்கு மேல போச்சே" என்றான்.

"உனக்கா?"

"ட்ரயல்ல நானும் ஒரு ஆள், மறந்துட்டியா? என்னை எத்தனை தடவை தராசுல ஏத்தினீங்க. என் எடையை நானே கழிச்சுப் பாக்க மாட்டேனா?"

அவள் பேனாவை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் அரவாழிக்கு ஒரு ஃபோன் போட்டால் போதும். வேலை போகும். பட்டம் போகும். ஐந்து மேலே ஏறும்.

"எனக்குத் தொப்பை ஜாஸ்தி" என்றான் தர்மசீலன், பேனாவை எடுத்தபடி. "என்னை வெச்சு எல்லாம் கணக்குப் போடக் கூடாது." கையெழுத்துப் போட்டான். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணுன்னா பழைய ஷிஃப்டைவிட கொஞ்சம் குறையும். அரவாழிக்கு நான் சொல்லிக்கிறேன்."

கடற்கரையில் விளக்குகள் மறுபடி எரிந்தன. உலகு இறங்குகிறான், தராசில் ஏறுகிறான், மூன்று வந்ததும் விளக்கு மாறுகிறது, திட்டிக்கொண்டே மேலே வருகிறான். "இன்னும் தெம்பாத்தான் இருக்கேன், உங்க டேபிள் ரொம்பப் பயந்தாங்கொள்ளி அக்கா" என்று கூட வேலை பார்க்கிறவர்கள் காதில் விழும்படி சொல்வான். அவன் அண்ணன் மனைவிக்குப் பெண் குழந்தை.

இரண்டு கோடை போனது. ஹோல்டுகளில் யாரும் பச்சையில் சாகவில்லை. அட்டவணையை வெளிநாட்டுத் துறைமுகங்களும் வாங்கின. ஜெசிந்தாவுக்குக் கீழே ஆட்கள் கூடினார்கள். நேர்காணலில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்தால் அவள் சீக்கிரமே நன்றி சொல்லி அனுப்பிவிடுவாள். கொஞ்சம் மந்தமானவர்களாகப் பார்த்து எடுக்கிறாள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மைதான். ஆனால் எப்போதும் அவளே தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

நிலோஃபர் தலைமை அலுவலகம் அனுப்பிய பெண். காயல்பட்டினம். சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழைய சோதனைப் பதிவுகளைப் பொழுதுபோக்குக்காகப் படிக்கிற ரகம்.

கதவில் இரண்டு தட்டு.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ட்ரயல் பதிவையெல்லாம் நானே ஒருதடவை கூட்டிப் பாத்தேன்." கையில் ஒரு தாள். கண்ணில் ஒரு நல்ல மாணவியின் வெளிச்சம். "மூணாவது பத்தியில மட்டும் ஒரு சின்ன சந்தேகம் மேடம். நான்தான் எங்கேயோ தப்புப் பண்றேன் போல."

ஜெசிந்தா பேனாவை மூடி வைத்தாள்.

"கதவைச் சாத்திட்டு வந்து உக்காரும்மா" என்றாள்.